முன்சக்கரத்துக்கு ஒரு ஹப்

போர்ட் ஹாலம்
8 பிப்ரவரி 2017

போர்ட் ஹாலம் ஆண்கள் பட்டறையின் செயலாளர் திரு. மெர்வின் நேன்கிவெல் அவர்களுக்கு,

நேற்று பத்து மணி டீ நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் என்னை வெளியே போகச் சொன்னீர்கள். போய்விட்டேன். மறு உத்தரவு வரும்வரை பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றீர்கள். வைக்கவில்லை. ஆனால் உங்கள் தபால்பெட்டி வேலிக்கு வெளியேதான் இருக்கிறது. உறுப்பினர் எழுத்தில் கேட்டால் செயலாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று உங்கள் விதிப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் யார் என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது, "அந்த பஸ்காரம்மா" என்றுதான் தெரியும். பெயர் ரோண்டா லின்ட்னர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஓய்வுபெற்ற ஆண்கள் மட்டுமே கூடி வேலை செய்துவந்த பட்டறையில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போன வருஷம் நீங்கள் எல்லாரும் கை தூக்கினீர்களே, அதற்குப் பிறகு முதலில் சேர்ந்தவள். சேர்ந்த நாள் முதல் கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்கான மர வாத்துகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறேன். வாத்து போதும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு பாய்வண்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று சக்கரம், ஒரு பாய்மரம், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஈஸ்டருக்குத் தண்ணீர் வற்றி இறுகிய உப்பு ஏரியில் பாய்வண்டிக்காரர்கள் கூடுகிறார்கள், அங்கே நானும் ஓட்ட வேண்டும். பின்சக்கரம் இரண்டும் ஆயிற்று. முன்சக்கரத்துக்கு ஹப் இல்லை. சக்கரத்தின் நடுவே அச்சு நுழைகிற குடத்தைத்தான் சொல்கிறேன். என் அளவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது, அலுமினியக் கட்டியிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். கணினியில் வரைந்து கொடுத்தால் தானே வெட்டித் தருகிற சிஎன்சி மெஷின் ஒன்று உங்கள் பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. வரைய நான் கற்றுக்கொண்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்க் கற்றுக்கொண்டது.

நேற்று நீங்கள் ஆரம்பித்த பேச்சை உங்களுக்கு ஒருமுறை நினைவுபடுத்துகிறேன்.

"மெஷின் வேலை தெரியாதவங்களுக்கு மெஷின் கிடையாதும்மா."

"தெரிஞ்சுக்கத்தானே கேக்கறேன்."

"தெரிஞ்சுக்கிட்டு வா, தர்றேன்."

"மெஷின் இல்லாம எங்க போய்த் தெரிஞ்சுக்கறது?"

"அது உன் பாடு."

நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் குளம் என்கிறீர்கள். நான் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். மெஷினைக் கேட்கிறேன். எழுத்தில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ரோண்டா லின்ட்னர்


13 பிப்ரவரி

திருமதி லின்ட்னர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்பெட்டிக்குள் ஒரு மர வாத்தும் கிடைத்தது. அதற்குப் பெயின்ட் அடிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தேன்.

விதி தெளிவானது. ஏற்கெனவே அந்த மெஷினை ஓட்டியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கினால்தான் புதியவர் தொடலாம். சிஎன்சி விஷயத்தில் குழு இன்னும் ஒரு படி மேலே போய், கையால் சுற்றும் மில்லிங் மெஷினில் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது. அது சுழலும்போது கை உள்ளே போனால் கை திரும்பி வராது. உருக்காலையில் ஃபிட்டராக என் ஆயுசைக் கழித்தவன் நான். இரண்டு விரல் குறைந்த ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி நான் எழுதுவது செயலாளராக அல்ல. எங்கள் தலைவர் டெஸ்மண்ட் ஹாரப் கல்நெஞ்சக்காரர் இல்லை. இந்தப் பட்டறையில் நடப்பதெல்லாம் ஊருக்கு உபகாரம். மருத்துவமனைக்கு பெஞ்சு செய்கிறோம், கிண்டர்கார்டனுக்கு வாத்து செய்கிறோம். உங்கள் வண்டியும் அப்படி ஏதாவது ஒன்றுக்காக என்றால் அவர் மனம் இளகும். புற்றுநோய் நிதிக்காக ஓட்டுகிறேன் என்று எழுதலாம். காலமான உங்கள் கணவரின் நினைவாக என்றும் எழுதலாம். ஒரே ஒரு வரி எழுதுங்கள், குழுவில் தள்ளிக்கொண்டு போகிறேன்.

அதுவரை தடை நீடிக்கிறது. பஸ்ஸை எங்கள் சந்தில் குறுக்கே நிறுத்துவதையும் தவிர்க்கவும்.

மெ. நேன்கிவெல்
செயலாளர்


16 பிப்ரவரி

திரு. நேன்கிவெல்,

என் கணவர் காலமாகவில்லை. வாலரூவில் ஒரு பல் டாக்டரம்மாவோடு சௌக்கியமாக இருக்கிறார். அவர் நினைவாக நான் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.

நோயாளிக் குழந்தையும் இல்லை, நிதியும் இல்லை. எனக்கு வேகமாகப் போக வேண்டும். இன்ஜின் சத்தம் இல்லாமல், பின்னால் யாரும் வாந்தி எடுக்காமல், சிக்னல் போடாமல், அந்த வெள்ளை உப்பின் மேல் கண்ணில் நீர் வருகிற வேகத்தில் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம். உங்கள் குழுவின் நெவில் தன் படகுக்குப் பித்தளை வளையம் கடைந்தபோது "எந்த அநாதை ஆசிரமத்துக்கு?" என்று கேட்டீர்களா? டெஸ்மண்ட் தன் கறி சுடும் அடுப்புக்குக் கால் வைத்தபோது யாருடைய நினைவாக வைத்தார்? ஆண்பிள்ளை ஆசைப்பட்டால் பொழுதுபோக்கு. நான் ஆசைப்பட்டால் மட்டும் யாராவது செத்திருக்க வேண்டும்!

இப்போது வேறொன்று. கோபத்தில் இருந்தால் எனக்குக் கண் கூர்மையாகிவிடும்.

மெஷினில் மாட்டும் வெட்டுமுனையான கட்டரை உடைத்தவர் அதைத் தன் பெயர் எழுதிய சீட்டோடு உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட வேண்டும், அடுத்த செவ்வாய் கேக் கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் பட்டறை வழக்கம். டீ கெட்டிலுக்கு நேர் மேலே தொங்குகிறது அந்தத் தோரணம். வாத்துக்குப் பெயின்ட் அடிக்கிற மேஜையிலிருந்து அண்ணாந்தால் அதைத்தான் பார்க்க முடியும். லேத்தில் உடைந்தது, துளைபோடும் மெஷினில் உடைந்தது, மில்லிங்கில் உடைந்தது என்று ஒவ்வொரு சீட்டையும் படித்திருக்கிறேன். உங்கள் பெயரே எத்தனை இடத்தில் ஆடுகிறது.

சிஎன்சியில் உடைந்தது என்று ஒரு சீட்டும் இல்லை.

மெஷின் வந்து இரண்டு கோடைக்காலம் போயாயிற்று. இத்தனை பேர் ஓட்டுகிற மெஷினில் ஒரு கட்டர்கூடவா உடையாது? அதை உங்களில் ஒருத்தரும் ஓட்டியதே இல்லை. ஓட்டத் தெரியாது. உண்மையா, பொய்யா? எழுத்தில் பதில் வேண்டும்.

ரோண்டா லின்ட்னர்


27 பிப்ரவரி

திருமதி லின்ட்னர்,

பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இதற்கு முன் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

உண்மைதான். இப்போது அதற்கென்ன? ஊரைக் கூட்டித் தண்டோரா போடப்போகிறீர்களா?

அரசாங்க மானியத்தில் வந்த மெஷின் அது. விற்றவர்களின் ஆள் ஒருவன் வந்து திரையைத் தட்டிக் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கே கிளம்பிவிட்டான். நாங்கள் வட்டமாக நின்று தலையை ஆட்டினோம். ஒருத்தருக்கும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாயும் வரவில்லை. அன்று போர்த்திய தார்ப்பாய்தான். மேயர் வந்தால் எடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு, மறுபடி போர்த்திவிடுகிறோம். மெஷின் சாவி என்னிடம் இருக்கிறது. அது இருப்பதால் எனக்கு ஓட்டத் தெரியும் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குப் புரியாத ஒன்றைச் சொல்கிறேன். கைப்பிடியைச் சுற்றி வெட்டும்போது உலோகம் உள்ளங்கையோடு பேசும். போதும் நிறுத்து என்று அதுவே சொல்லும். இந்த மெஷின் என் கையில் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அப்போது வரும் பயம் எனக்கு இருபது வயதில்கூட இருந்ததில்லை.

நீங்கள் மெஷின் தெரியாதவர். நான் இந்த மெஷின் தெரியாதவன். குருடனுக்குக் குருடன் கோல் பிடிக்க முடியாது. இதோடு விட்டுவிடுங்கள்.

மெர்வின் நேன்கிவெல்


1 மார்ச்

மெர்வ்,

இனி திரு எல்லாம் வேண்டாம். பயம் என்று எழுதிய ஆளிடம் எனக்கு அவ்வளவு மரியாதை வைக்க வராது. வேறு மாதிரி மரியாதைதான் வரும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். வாயை மூட எனக்கு மெஷின் கொடுத்தார்கள் என்று ஆகிவிட்டால் எனக்குத்தான் கேவலம். வாசல் வழியாக வர நினைப்பவள் நான், சந்து வழியாக அல்ல.

ஆனால் ஒன்று கேளுங்கள். என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் காற்றை வெட்டுவார்கள். உள்ளே ஒன்றுமே வைக்காமல், கட்டரை உயரத் தூக்கி வைத்துப் புரோகிராமை ஓடவிட்டு, அது எங்கே போகிறது எங்கே திரும்புகிறது என்று பார்ப்பார்கள். அது சரியாக வந்தால் ஃபோம் கட்டி. அதற்குப் பிறகுதான் அலுமினியம். எனக்குத் திரை தெரியும். எங்கே எப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டும், எந்தச் சத்தம் கெட்ட சத்தம் என்று உங்களுக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும்.

வியாழன் மத்தியானம் டெஸ்மண்டும் மற்றவர்களும் புல்தரையில் பந்துருட்டும் பவுல்ஸ் ஆடப் போய்விடுகிறார்கள். பட்டறை காலியாக இருக்கும். எனக்குத் தடை இருக்கிறது, உண்மைதான். தடை போட்டவர் செயலாளர், சாவி வைத்திருப்பவரும் செயலாளர். அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன்.

காற்றை வெட்டினால் யாருக்கும் காயம் படாது, மெர்வ்.

ரோண்டா


17 மார்ச்

ரோண்டா,

நேற்று நீ கதவை அறைந்துகொண்டு போன பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நேரில் சொல்ல விடவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

முதல் வியாழக்கிழமை காற்றை வெட்டினோமே, அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "ரெண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் நின்னு ஒண்ணுமே செய்யலை, அவ்வளவு ஜோரா இருந்தது" என்றேன். அவளுக்கு என்னைப் பற்றிக் கவலையாகிவிட்டது. நேற்று ஃபோமில் உன் ஹப் முழுசாக எழுந்து வந்தபோது அதை எடுத்துத் தடவிக்கொண்டே நின்றேன். நீ பார்த்திருப்பாய்.

பிறகு நடந்தது என் தப்பு. அலுமினியத்தில் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் என்று கேட்டாய். "நாப்பது போடு, பேராசை வேண்டாம்" என்றேன். நான் வேலை கற்றது அங்குலக் காலத்தில். நாடு மில்லிமீட்டருக்கு மாறியும் என் நாக்கு மாறவில்லை. நாற்பது என்றால் எனக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நீ நாற்பது மில்லிமீட்டர் என்று தட்டினாய். மெஷினுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. அந்த அலறலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கட்டர் இரண்டாகப் போனது, கட்டியை இறுக்கிப் பிடித்திருந்த வைஸின் தாடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெட்டு.

உடைந்த கட்டரை நான் பைக்குள் போட்டுக்கொண்டதற்குத்தான் உனக்கு அத்தனை கோபம். யோசித்துப் பார். டெஸ்மண்ட் கண்ணில் பட்டால் ஈஸ்டரும் போச்சு, உன் உறுப்பினர் பதவியும் போச்சு. வைஸைக் கழற்றிப் பழைய மில்லிங் மெஷினில் மாட்டிவிட்டேன், நான் கைதவறிக் கீறியதாகச் சொல்லிவிடுகிறேன். கட்டரைக் கடலில் போட்டுவிடுகிறேன். புது கட்டர் என் வீட்டில் இருக்கிறது. அடுத்த வியாழன் மறுபடி தொடங்கலாம். வாயை மட்டும் மூடிக்கொண்டிரு.

மெர்வ்


18 மார்ச்

மெர்வ்,

நீ, வா, போ என்று எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். இருக்கட்டும், திட்டுவதற்கு அதுதான் வசதி.

என் கட்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

நாற்பது என்று நீங்கள் சொன்னீர்கள், சரி. என்ன நாற்பது என்று கேட்காமல் தட்டியது யார்? என் விரல். வரைந்தது நான், பொத்தானை அழுத்தியதும் நான். அந்த மெஷின் உயிர் வந்து முதன்முதலில் அலறியது என் கையால். அதைத் தூக்கி உங்கள் பெயரில் எழுதி, பழைய மெஷினில் நடந்ததாகச் சொல்லி, கடலில் போடுவீர்களா? நாற்பது வருஷ ஃபிட்டர் ஒரு கட்டர் உடைத்தால் ஒரு கேக்கோடு போயிற்று. நான் உடைத்தால் மட்டும் மூடி மறைக்க வேண்டிய அவமானம், அப்படித்தானே?

நீங்கள் எனக்காகத்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் கூடுதலாக எரிகிறது. வியாழக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் பதுங்கிப் பதுங்கி வருவதற்கு நான் ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது. அதை நான்தான் சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். ஸ்பாஞ்ச் கேக், ஜாம், க்ரீம். கட்டரையும் ஒரு வெற்றுச் சீட்டையும் மேஜை மேல் வைத்திருங்கள். இல்லையென்றால் உங்கள் பையைக் குலுக்கி எடுப்பேன், எல்லார் முன்னாலும்.

ரோண்டா


6 ஏப்ரல்

ரோண்டா,

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உன்னிடமிருந்து சத்தமே இல்லை. சந்தில் பஸ்கூட நிற்பதில்லை. நீ போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

நீ நாற்காலி மேல் ஏறி நின்று கட்டரைக் கட்டிக் கம்பியை முறுக்கியபோது எல்லாரும் கோப்பையோடு அண்ணாந்து பார்த்தார்கள். "என்னம்மா, தடை போட்டது மறந்துபோச்சா?" என்று டெஸ்மண்ட் கேட்டதும், "மறக்கலை, கேக்கைக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்று நீ சொன்னதும் ஊரெல்லாம் பரவிவிட்டது. நெவில் சீட்டைப் படித்துவிட்டு, "இது எந்த மெஷின்ல உடைஞ்சது?" என்றான். "தார்ப்பாய்க்குள்ள நிக்குதே, அதுல." அப்போது அவன் கேட்டான் பார், "அட, அது ஓடுமா?" என்று. டெஸ்மண்டின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

நீ வெளியேறியதும் விசாரணை. "மெர்வ், சாவி யார்கிட்ட இருக்கு?" "என்கிட்டதான். திறந்துவிட்டவன் நான். நாப்பதுன்னு சொன்னவனும் நான்." சாவியைப் பிடுங்கித் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வருஷம் முடியும்வரை உனக்குத் தடை. கேக்குக்கு மட்டும் யாரும் தடை போடவில்லை, தட்டை வழித்து நக்கிவிட்டார்கள்.

ஈஸ்டர் நெருங்கிவிட்டது. நீ விட்டுப்போன வரைபடம் என்னிடம் இருந்தது. இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், உன் பஸ் படியில் வைத்துவிட்டு வருகிறேன். என் வீட்டுக் கொட்டகையில் பழைய லேத்து ஒன்று இருக்கிறது. உன் ஹப்பைக் கடைந்துவிட்டேன். அளவு பிசகாது. சக்கரத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போ. போய் ஓட்டு, அம்மா. எனக்கு வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மெர்வ்


18 ஏப்ரல்

மெர்வ்,

பெட்டி திரும்பி வருகிறது. திறந்து பார்த்தேன். பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், இப்படி ஒரு பொருளை நான் கையில் பிடித்ததே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். நன்றியில் அல்ல, கோபத்தில். பிறகு கொஞ்சம் நன்றியிலும்.

நான் உங்களிடம் ஹப் கேட்கவே இல்லை. அடிலெய்டில் எத்தனை பட்டறை இருக்கிறது, வரைபடத்தை அனுப்பினால் வெட்டித் தபாலில் அனுப்பிவிடுவார்கள். எனக்கு மெஷின் வேண்டும் என்று கேட்டேன். என் கையால் செய்யத் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அதை மட்டும் எல்லாருமாகச் சேர்ந்து தராமல் வேறு என்னென்னவோ தருகிறீர்கள். பெயின்ட் டப்பா, அனுதாபம், கடைசியில் ஹப்பும். இதை மாட்டிக்கொண்டு ஜெயித்தாலும் அது மெர்வின் நேன்கிவெல் செய்த சக்கரம். நான் மேலே உட்கார்ந்து போன சுமை.

ஏரிக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவேன் என்று நினைத்தீர்களா? வண்டியை டிரெய்லரில் ஏற்றி, முன்பக்கத்துக்கு ஒரு பழப்பெட்டியை முட்டுக் கொடுத்து, வரிசையில் மற்ற வண்டிகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். பாயையும் ஏற்றினேன். காற்று பிரமாதம். வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்டான்.

"முன்சக்கரம் எங்க?"

"செஞ்சுட்டிருக்கேன்."

"யாரு செய்யறா?"

"நான்தான்."

மில்டுராவிலிருந்து வந்த ஒருத்தர் தன்னிடம் உபரியாக ஒரு சக்கரம் இருக்கிறது, எடுத்துக்கோ என்றார். வேண்டாம் என்றேன். இந்தப் பொம்பளைக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். மற்றவர்கள் உப்பைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு, நகராத வண்டியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்தேன். வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் இப்படியே எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. ஹப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அது ரொம்ப நன்றாக இருக்கிறது.

ரோண்டா


26 ஏப்ரல்

ரோண்டா,

பெட்டி வந்தது. உன் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நீ பண்ணது தப்புதான் மெர்வ், அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றாள். என் வீட்டிலேயே எனக்கு ஓட்டு இல்லை.

இனி வருவது செயலாளர் எழுதுவது.

நேற்று ஆன்சாக் தினம், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள்; விடியற்கால அஞ்சலி முடிந்து பட்டறையில் எல்லாருக்கும் டீ. நெவில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ரெண்டு வருஷமா தலையாட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு அதுல என் படகுக்குச் சுக்கான் பண்ணணும்னு ஆசை" என்றான். பிறகு இன்னொருத்தர், "எனக்கும் தெரியாது" என்றார். அப்புறம் பார்த்தால் மளமளவென்று ஒவ்வொருத்தராக ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். பாவமன்னிப்புக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் டெஸ்மண்ட் ஒருவர்தான் மிச்சம். எல்லாரும் அவரையே பார்த்தோம். "நான் தலைவர், எனக்கெதுக்கு தெரியணும்?" என்றார்.

அங்கேயே அவசரக் கூட்டம் போட்டோம். கையால் சுற்றும் மெஷினில் பழக்கம் வேண்டும் என்ற கூடுதல் விதியை நீக்கியாயிற்று. மிச்சம் இருப்பது பழைய விதி, அந்த மெஷினை ஓட்டிய ஒருவர் பக்கத்தில் நின்றுதான் புதியவரைப் பழக்க வேண்டும் என்பது. "சரி, நம்மள்ல ஓட்டினது யாரு?" என்று டெஸ்மண்ட் கேட்டார். நான் பொத்தானைத் தொட்டதே இல்லை, உனக்குத் தெரியும். அதை அப்படியே சொன்னேன். இந்தப் பட்டறையில் அந்த மெஷினை ஓட்டிய உறுப்பினர் ஒருவர்தான், அவருக்கோ தடை.

டெஸ்மண்ட் எதிர்த்து ஓட்டுப் போட, மற்ற எல்லாரும் ஆதரிக்க, நிறைவேறிய தீர்மானம் இது. திருமதி ரோண்டா லின்ட்னர் மீதான தடை நீங்குகிறது. மே இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை முதல் அவர் சிஎன்சி மெஷினுக்குப் பொறுப்பேற்று உறுப்பினர்களைப் பழக்க வேண்டுமென்று குழு கேட்டுக்கொள்கிறது.

மெஷின் கேட்பவர்கள் நிரப்பும் படிவத்தில் இரண்டு கேள்வி இருந்தது. எதற்காக மெஷின் வேண்டும் என்பது ஒன்று. அதை நான் பேனாவால் அடித்துவிட்டேன், இனி யாரிடமும் கேட்கப்போவதில்லை. இன்னொன்று, மெஷின் வேலையில் அனுபவம் என்ன என்பது. அதை மட்டும் டெஸ்மண்ட் விடமாட்டேன் என்கிறார். ஒரு வரி எழுதி அனுப்பு, நோட்டில் ஏற்ற வேண்டும். கொஞ்சம் ஒப்பனையோடு எழுதினாலும் நான் கண்டுகொள்ள மாட்டேன்.

மெ. நேன்கிவெல்
செயலாளர்


28 ஏப்ரல்

மெர்வ்,

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது.

வருகிறேன். ஆனால் முதலில் மெஷினில் ஏறப்போவது என் அலுமினியக் கட்டி. நெவிலின் சுக்கான் அதற்குப் பிறகு. டெஸ்மண்ட் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், டீ நேரம் என்று நழுவக் கூடாது. அளவு சொல்கிறவர்கள் மில்லிமீட்டரா அங்குலமா என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், நீங்கள் உட்பட. யாருக்காவது புரியவில்லை என்றால் தலையாட்டக் கூடாது, கையைத் தூக்க வேண்டும். எனக்குப் புரியாதபோது நானும் தூக்குவேன், அடிக்கடி தூக்க வேண்டியிருக்கும்.

ஒப்பனை எல்லாம் வேண்டாம். நோட்டில் இதை அப்படியே ஏற்றுங்கள்.

மெஷின் வேலையில் அனுபவம்: ஒரு கட்டரை உடைத்திருக்கிறேன், ஒரு வைஸை வெட்டியிருக்கிறேன். ஹப் இன்னும் செய்ததில்லை. செவ்வாய்க்கிழமை செய்வேன்.

ரோண்டா லின்ட்னர்